லாரிக்காரர் கண்ணாடியில் நீங்கள் தெரிகிறீர்களா? – வாசகர் கேள்வி பதில்

டாரஸ், டிப்பர், டிரெய்லர், டேங்கர் எனக் கனரக வண்டிகளுக்கு நடுவே கார், பைக் ஓட்டுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

நான்குவழிச் சாலையில் லாரிகள் வலது லேனை விட்டு நகர்வதே இல்லை. ஹாரன் அடித்தாலும் பலனில்லை. இடப்பக்கமாக ஏறிப் போய்விடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

முந்துவது வலப்பக்கமாகத்தான் என்பது விதி. முன்னால் போகிறவர் வலப்புறம் திரும்பச் சைகை காட்டியிருந்தால் இடப்பக்கம் கடக்கலாம். வலது லேனை லாரி பிடித்துக்கொண்டு போவது தவறுதான். ஆனால் காரணம் திமிர் மட்டுமல்ல. இடது லேனில் நிறுத்திய வண்டி, எதிர்த்திசையில் வரும் பைக், பேருந்து நிறுத்தம் எல்லாம் உண்டு. பாரம் ஏற்றிய லாரி ஒருமுறை வேகத்தை இழந்தால் திரும்பப் பிடிக்க ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஆகும். அதனால் ஒரே லேனில் ஒட்டிக்கொள்கிறார்கள்.

இப்போது உங்கள் திட்டத்தைப் பாருங்கள். ஹாரன் அடித்து, டிம்-டிப் போட்டு "இடது பக்கம் ஒதுங்கு" என்கிறீர்கள். பத்து வினாடி கழித்து, பொறுமை போய், நீங்களே இடது பக்கம் நுழைகிறீர்கள். அவர் ஒதுங்க ஆரம்பிப்பதும் அதே நேரத்தில்தான். டிரைவர் உட்கார்ந்திருப்பது வலப்பக்கம். இடது கதவை ஒட்டிப் பின்னோக்கி ஒரு கார் முழுசாக மறையும் அளவுக்கு அவருக்குக் குருட்டு இடம் உண்டு. முன்பெல்லாம் அந்தப் பக்கத்துக் கண் கிளீனருடையது. இன்று பல லாரிகளில் கிளீனரே கிடையாது.

மூன்று நான்கு வினாடி தூரம் பின்வாங்கி, லேனின் வலது ஓரத்துக்கு வாருங்கள். லாரியின் வலது கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரிந்தால்தான் அவருக்கு நீங்கள் தெரிவீர்கள். அங்கிருந்து இரண்டு முறை விளக்கு, ஒரு சின்ன ஹாரன். பிறகு கால் நிமிடம் பொறுங்கள், பெரும்பாலும் வழி கிடைக்கும். எதிர்பாராமல் எப்போதாவது லாரியின் இடப்பக்கம் மாட்டிக்கொண்டால் கேபினுக்கு இணையாக ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். ஒன்று முன்னே தாண்டுங்கள், இல்லையேல் பின்னே விழுங்கள்.

மணலி, எண்ணூர் பக்கம் தினமும் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறேன். கன்டெய்னர் லாரி திரும்பும்போது இடப்பக்கம் நசுங்கிய செய்திகள் அடிக்கடி வருகின்றன. இடம் இருந்துதானே நுழைகிறார்கள்?
– வாசகி, திருவொற்றியூர்

இடம் இருக்கும், மூன்று வினாடிக்கு. சிக்கலே அதுதான்.

குழந்தை ஒரு பொம்மை வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு தூணைச் சுற்றி வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? குழந்தை தூணை விட்டு விலகி நடக்கும், பொம்மை வண்டி தூணிலேயே உரசும். டிரெய்லரும் அப்படித்தான். 40 அடி கன்டெய்னர் என்றால் பெட்டி மட்டுமே 12.2 மீட்டர். அதை இழுக்கும் ஹார்ஸையும் (டிரைவர் கேபின் உள்ள முன்வண்டி) சேர்த்தால் மொத்த நீளம் 15 மீட்டரைத் தாண்டும். முன்சக்கரம் போகும் தடத்தில் பின்சக்கரம் போகாது. திருப்பத்தின் உள்பக்கமாகச் சில மீட்டர் வெட்டிக்கொண்டு வரும். இது தெரிந்த டிரைவர், இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் முதலில் வலது பக்கம் அகலமாக ஒடித்துவிட்டுத்தான் திரும்புவார். அந்த நொடியில் இடப்பக்கம் ஒரு பெரிய வாசல் திறக்கிறது. பார்க்கிறவருக்கு "லாரி வலது பக்கம் போகிறது, நாம் புகுந்துவிடலாம்" என்று தோன்றும். புகுந்ததும் வாசல் மூடும். நடைபாதைக் கல்லுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே நீங்கள் நிற்பீர்கள். ஹார்ஸ் ஏற்கெனவே மடங்கிவிட்டதால் டிரைவரின் இடது கண்ணாடியில் கன்டெய்னரின் சுவர்தான் தெரியும், நீங்கள் தெரியமாட்டீர்கள்.

சந்திப்பில் டிரெய்லர் நின்றால் அதன் பக்கத்தில் போகாமல் பின்னால் நில்லுங்கள். இண்டிகேட்டரை மட்டும் நம்பவும் வேண்டாம். அது எரியாமல் இருக்கலாம், சேறு மூடியிருக்கலாம். முன்சக்கரத்தைப் பாருங்கள். அது பொய் சொல்லாது. மாட்டியேவிட்டீர்கள் என்றால் ஆக்ஸிலேட்டரை முறுக்கித் தப்பப் பார்க்காதீர்கள். வண்டியை அப்படியே விட்டுவிட்டு நடைபாதை மேல் ஏறிவிடுங்கள். ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது.

சிக்னலில் டிப்பர் லாரிக்கு முன்னால் குழந்தையோடு குறுக்கே கடக்கலாமா?
– வாசகி, தாம்பரம்

ஒட்டிக் கடக்கக் கூடாது. கேபின் உயரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு பம்பருக்கு முன்னால் சுமார் 2 மீட்டர் வரை தரையே தெரியாது. 4 அடிக் குழந்தை அதற்குள் முழுசாக மறைந்துவிடும். குறைந்தது 3 மீட்டர், அதாவது நான்கு நல்ல எட்டு தள்ளி நடங்கள். நிமிர்ந்து பார்த்து டிரைவரின் கண்ணைப் பிடியுங்கள். பைக்கில் வருபவர்கள் சிக்னலில் சந்து புகுந்து லாரியின் மூக்குக்குக் கீழே போய் நிற்பதும் இதே ஆபத்துதான்.

நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் கார் மோதி, குடும்பமே பலி என்று மாதம் ஒரு செய்தியாவது படிக்கிறேன். நிற்கிற லாரி எப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும்? காற்றுப்பை உள்ள கார்களிலும் ஏன் உயிர் போகிறது?
– வாசகர், விழுப்புரம்

முதலில் கணக்கு. இருட்டான, விளக்கில்லாத பொருளை நல்ல லோ பீம் கூட 50, 60 மீட்டர் தொலைவில்தான் காட்டும். பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க விழிப்பான ஆளுக்கே ஒன்றரை வினாடி ஆகும். உலர்ந்த சாலையில் 100 கி.மீ. வேகத்தில் போகும் கார், அந்த ஒன்றரை வினாடியையும் சேர்த்து நிற்கக் கிட்டத்தட்ட 97 மீட்டர் எடுக்கும். 80-இல் 69 மீட்டர். 60-இல் 45. ஆக, லோ பீமில் 80-ஐத் தொட்டாலே, விளக்கில்லாத லாரி கண்ணில் பட்ட பிறகு நிறுத்த முடியாது. திறமைசாலி டிரைவரும் இதிலிருந்து தப்ப முடியாது. எதிரே வண்டி இல்லாத இடங்களிலும், சென்டர் மீடியன் செடி எதிர்ச்சாலையை மறைக்கும் இடங்களிலும் ஹை பீம் போடுங்கள். போட முடியாத இடத்தில் வேகத்தைக் குறையுங்கள்.

அடுத்தது கண் ஏமாறும் விதம். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தால், "ஒரு வண்டி முன்னால் போகிறது" என்றுதான் மூளை முடிவு கட்டும். நிற்கிறது என்று நினைக்காது. இரண்டு டெயில் லாம்ப்பில் ஒன்று மட்டும் எரிந்தால் லாரி, பைக் மாதிரித் தெரியும். கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லரில் அந்த ஒன்றுகூட இருக்காது, தொங்கும் தோகை ஒளிர்பட்டையையும் மறைத்துவிடும். லாரியின் பின்புறம் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்புறம் வெள்ளை ஒளிர்பட்டை ஒட்டியிருக்க வேண்டும் என்பது விதி. மணல், ஜல்லி ஓடும் வண்டிகளில் பட்டை இருந்தும் புழுதி மூடிக் கிடக்கும். அதனால் பழக்கம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: சிவப்புப் புள்ளி கண்ணில் பட்டதும் முதலில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், பிறகு யோசியுங்கள். இரண்டு விளக்குகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி வேகமாக அகலமாகிக்கொண்டே வந்தால் அது நிற்கிறது.

எங்கே நிற்கும் என்பதையும் ஊகிக்கலாம். டீக்கடை, தாபா, பெட்ரோல் பங்க், டோல்கேட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு அரை கிலோமீட்டர். இருட்டில் டீக்கடையின் டியூப்லைட் பளிச்சென்று தெரியும். அதற்கு ஐம்பதடி முன்னால் பாதி உடம்பு சாலையில் நிற்கும் லாரி அந்த வெளிச்சத்தாலேயே இன்னும் கறுப்பாகிவிடும். ஆகவே டீக்கடை வெளிச்சத்தை எச்சரிக்கை விளக்காகவே எடுத்துக்கொள்ளுங்கள். இடது லேனில் போகும்போது வெள்ளைக் கோட்டை ஒட்டாமல், லேனின் வலது பாதியில் ஓட்டுங்கள். விடியற்காலை 2 மணியிலிருந்து 5 மணி வரை ஓட்டாமல் இருக்க முடிந்தால் இந்தப் பத்தியில் சொன்ன எல்லாவற்றையும்விட அது மேல்.

காற்றுப்பை விஷயம்: காரின் பம்பரும் அதன் பின்னால் நசுங்கி அடியை வாங்கும் பகுதியும் முழங்கால் உயரத்தில் இருக்கின்றன. லாரியின் தளம் அதற்கு மேலே. கார் அடியில் நுழைந்துவிட்டால் பம்பர் எதிலும் மோதாது, பானட் வழுக்கி உள்ளே போகும். முதல் அடி விழுவது விண்ட்ஷீல்டில், தலை உயரத்தில். காற்றுப்பையைத் திறக்கச் சொல்லும் உணரிகள் காரின் முன்பகுதியில் வரும் திடீர் வேகக் குறைவைப் பார்த்துத்தான் வேலை செய்யும். அது தாமதமாகத் தெரிந்தால் பையும் தாமதமாக விரியும். கூரைத் தூண் மடங்கிய பிறகு விரிந்து என்ன பயன்? இதைத் தடுக்கத்தான் லாரியின் பின்னால், தரையிலிருந்து 550 மில்லிமீட்டருக்கு மேல் போகாத உயரத்தில் குறுக்குத் தடுப்புக் கம்பி இருக்க வேண்டும் என்கிறார்கள். பல வண்டிகளில் அது வளைந்து, துருப்பிடித்து, ஒப்புக்குத் தொங்குகிறது. எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டும் அன்றைக்கு மட்டும் நிமிர்த்திக் கட்டுவதில் யாருக்கு லாபம் என்று தெரியவில்லை.

பின்னால் கம்பி நீட்டிக்கொண்டு போகும் லாரி தனி ரகம். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இப்படிப் பாரம் வெளியே நீண்டால் 20,000 ரூபாய் அபராதம். இருந்தும் ஓடுகின்றன. கம்பியின் முனை நேராக உங்களைப் பார்த்து நீளும்போது தூரமே கணிக்க முடியாது. லாரியின் பாடியிலிருந்து அல்ல, கம்பி முனையிலிருந்து இடைவெளியைக் கணக்கிடுங்கள். இரவில் அதன் பின்னால் போகவே வேண்டாம்.

முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் "ஏறிப் போ" என்று அர்த்தமா, "ஏறாதே" என்று அர்த்தமா?
– வாசகர், புதுக்கோட்டை

இரண்டும். இன்னும் இரண்டு அர்த்தமும் உண்டு: அவரே வலது பக்கம் திரும்பப் போகிறார், அல்லது அவரே முந்தப் போகிறார். ஊருக்கு ஊர், டிரைவருக்கு டிரைவர் மாறும் பாஷை இது. ஜன்னலுக்கு வெளியே ஆடும் கைக்கும் இதே கதிதான். அவர் காட்டும் சைகை அவர் கண்ணுக்குத் தெரியும் சாலையைப் பற்றியது. உங்கள் காரின் வேகமோ பிக்கப்போ அவருக்குத் தெரியாது. வலது இண்டிகேட்டரோடு பிரேக் விளக்கும் எரிந்து, பக்கத்தில் ஒரு கிளைச் சாலையோ மீடியன் திறப்போ இருந்தால் அது திருப்பம். அங்கே வலது பக்கம் ஏறினால் லாரியின் மூக்கில்தான் முடியும்.

இருவழிச் சாலையில் லாரியை முந்த எவ்வளவு தூரம் காலியாக இருக்க வேண்டும்? ஒரு கணக்குச் சொல்லுங்கள்.
– வாசகர், அறந்தாங்கி

லாரி 60-இல் போகிறது, நீங்கள் 80. வித்தியாசம் மணிக்கு 20 கி.மீ., அதாவது வினாடிக்கு ஐந்தரை மீட்டர்தான். பின்னால் 25 மீட்டரில் ஆரம்பித்து, 18 மீட்டர் டிரெய்லரைத் தாண்டி, உங்கள் காரின் 4 மீட்டரையும் சேர்த்து, முன்னால் 25 மீட்டர் விட்டு உள்ளே வர வேண்டும். மொத்தம் 72 மீட்டர். 13 வினாடி ஆகும். அந்த 13 வினாடியில் உங்கள் கார் ஓடியிருப்பது 290 மீட்டர். எதிரே 80-இல் வருகிறவரும் அதே 290 மீட்டர் ஓடி வந்திருப்பார். ஆக, காலியாகத் தெரிய வேண்டியது ஏறத்தாழ 600 மீட்டர். லாரி 70-இல் போனால் நேரம் இரட்டிப்பாகி 26 வினாடி ஆகும். அந்த லாரியை முந்துவதால் என்ன கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ளலாம்.

லாரியின் வாலை ஒட்டிக்கொண்டு போகிறவருக்கு இந்த 600 மீட்டர் என்றைக்கும் தெரியாது. பார்க்க வேண்டும் என்றாலே விலக வேண்டும். லாரி ஒரு சாலையோரக் கல்லைத் தாண்டியதும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று" என்று நிதானமாக எண்ணுங்கள். முடிப்பதற்குள் அதே கல்லை நீங்கள் தாண்டினால் ரொம்ப நெருக்கம். மழையில் ஆறு வரை எண்ணுங்கள். லாரிச் சக்கரம் அடிக்கும் நீர்ப்புகையில் வைப்பர் முழு வேகத்தில் ஓடினாலும் ஒன்றும் தெரியாது. இடது வளைவில் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து பார்த்தால் லாரியின் இடது பக்கமாக முன்சாலை தெரியும். இந்தத் தகவலை வைத்து முடிவெடுங்கள், ஆனால் வளைவிலேயே ஏறாதீர்கள். முன்னால் ஒருவர் முந்துகிறார் என்று அவர் பின்னாலேயே ஏறுவது மிக மோசம். அவருக்குத் தெரிந்த சாலை உங்களுக்குத் தெரியாது, அவர் உள்ளே நுழைந்த இடத்தில் உங்களுக்கு இடமும் இருக்காது.

முந்தி முடித்ததும் லாரியின் முழு முகமும் உங்கள் உள்கண்ணாடியில் தெரியும் வரை இடப்பக்கம் வராதீர்கள். வந்ததும் பிரேக் போடாதீர்கள். மூன்று ஆக்சில் டாரஸின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 28.5 டன். உங்கள் கார் ஒரு டன் சொச்சம். ஏர் பிரேக்கில் பெடலை மிதித்த பிறகு காற்று குழாய் வழியே ஓடிப் போய்த்தான் சக்கரத்தைப் பிடிக்கும். அந்தச் சின்னத் தாமதமும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

தொப்பூர் கணவாயில் தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது பின்னால் லாரி வந்தாலே உடம்பு நடுங்குகிறது. என்ன செய்வது?
– வாசகர், ஓசூர்

நடுங்குவது நியாயம்தான். அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி முன்னால் நின்ற வண்டிகளை வரிசையாக அடித்த விபத்துகள் பல.

ஏன் பிடிப்பதில்லை? டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டுகிறார்கள். எஞ்சினின் இழுவை இல்லாததால் 28 டன்னையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். பிரேக் டிரம் சூடாகி விரியும், அதை உள்ளிருந்து அழுத்தும் லைனர் எட்டிப் பிடிக்க இன்னும் அதிக தூரம் நகர வேண்டும், சூட்டில் உராய்வும் குறையும். மறுபடி மறுபடி மிதித்தால் ஏர் பிரேக் டாங்கில் காற்று இறங்கும். நியூட்ரலில் எஞ்சின் ஐடிலில் ஓடுவதால் கம்ப்ரஸர் அதை ஈடுகட்டாது. கொடுமை என்னவென்றால் டீசலும் மிச்சமாவதில்லை. இன்றைய எஞ்சின்களில் கியரில் இருந்து ஆக்ஸிலேட்டரை விட்டால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் ஐடிலுக்காகக் கொஞ்சம் எரியும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று பழைய டிரைவர்கள் சொல்வது காருக்கும் பொருந்தும்.

இறக்கம் தொடங்கும் முன்பே கண்ணாடியைப் பாருங்கள். பின்னால் வரும் லாரி வேகமாக நெருங்குகிறது, விடாமல் ஹாரன் அடிக்கிறது, சக்கரத்தில் புகை, லைனர் கருகும் வாடை. இதில் ஒன்று இருந்தாலும் லேனை விட்டு விலகி வழி விடுங்கள். அவரை முந்திக்கொண்டு ஓடப் பார்க்காதீர்கள். லாரியை முந்தி அதன் முன்னால் இறங்குவதும் வேண்டாம். பின்னாலேயே 100 மீட்டர் விட்டு வாருங்கள், ஐந்து நிமிடம் போகும், அவ்வளவுதான். கீழே போக்குவரத்து நின்றிருந்தால் ஹசார்டு விளக்கைப் போட்டு, முன்வண்டிக்கு இரண்டு கார் இடைவெளி விட்டு, ஓரத்துக்கு வெளியேறத் தோதாக நிறுத்துங்கள். கியரை எடுக்காதீர்கள், பின்கண்ணாடியிலிருந்து கண்ணையும் எடுக்காதீர்கள். பின்னால் இரண்டு மூன்று வண்டி வந்து நின்ற பிறகு கொஞ்சம் மூச்சு விடலாம்.

திம்பம் மலைப்பாதையில் லாரி எதிரே வந்தால் யார் ஒதுங்க வேண்டும்?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

ஏறுகிறவருக்கு முதல் உரிமை. ஆனால் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் நீளமான லாரிக்கு முழுச் சாலையும் தேவை. யார் ஏறுகிறார் என்று வாதம் செய்யாமல் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு பின்னால் எடுப்பது இருவருக்கும் தண்டனை.

ஆரல்வாய்மொழி பக்கம் பைக்கில் லாரியைத் தாண்டும்போது வண்டி தானாக இழுக்கிறதே?
– வாசகர், வள்ளியூர்

காற்றாலைகள் நிற்கும் இடத்தில் காற்றுக்கா பஞ்சம்? ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய்க் காற்று குறுக்கே அடிக்கும். அதற்கு எதிராகச் சாய்ந்தே ஓட்டி வந்திருப்பீர்கள். லாரியின் மறைவில் நுழைந்ததும் காற்று நின்றுவிடும், நீங்கள் சாய்ந்த பக்கமாக, லாரியை நோக்கி வண்டி போகும். கேபினைத் தாண்டியதும் மறுபடி ஓர் அறை. இரண்டு இடத்திலும் பக்கவாட்டில் ஒன்றரை மீட்டராவது வேண்டும். கைப்பிடியை இறுக்காமல், முழங்காலால் டாங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முன்னால் கேஸ் டேங்கர் கவிழ்ந்துவிட்டால்?
– வாசகி, கோவை

2025 ஜனவரி 3 அன்று உங்கள் ஊர் அவினாசி சாலை மேம்பாலத்திலேயே பார்த்தீர்கள். டேங்கர் கவிழ்ந்து எரிவாயு கசிந்ததால் சுற்றியுள்ள பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள்.

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. மேலே போகாது. தரையோடு படர்ந்து சாக்கடை, சுரங்கப்பாதை, பள்ளம் என்று நிரம்பும். அதனால் மேட்டுப் பக்கமாக, காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையில் நடந்து விலகுங்கள். வாடை வரும் தூரத்தில் இருந்தால் காரை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள், விட்டுவிட்டு நடங்கள். படம் எடுக்கவும் நிற்க வேண்டாம். டேங்கரின் இரு பக்கமும் பின்புறமும் உள்ள அபாயப் பலகையில் நான்கு இலக்க எண் இருக்கும். 1075 என்றால் எல்.பி.ஜி., 1203 பெட்ரோல், 1005 அமோனியா, 1830 கந்தக அமிலம். தூரத்திலிருந்தே அது தெரிந்தால், விலகிய பிறகு 112-இல் சொல்லும்போது இடத்தோடு அந்த எண்ணையும் சொல்லுங்கள். தீயணைப்பு வீரர்கள் நுரையோடு வருவதா, நீரோடு வருவதா என்பது அதைப் பொறுத்தது.